தண்ணீர் கேட்டு எழுதிய சபதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் ஒரு மாதமாகக் குழாயில் உப்புத் தண்ணீர். உடம்பெல்லாம் அரிப்பு. தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம் என்று நாற்பது பேரும் முடிவு செய்தோம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஊரில் கட்சிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிய கை சும்மா இருக்குமா? 'அரசே, செவிசாய்! மறுத்தால் அலுவலகத்தை முற்றுகையிட்டு ஆட்சியையே அசைப்போம். நாற்பது பேரும் கூடி எடுத்த சபதம் இது!' என்று வெளுத்துக் கட்டினேன். ரூமே கைதட்டியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதை அரபியில் அடிக்க டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். சட்டம் படித்தவர், பிழைப்புக்காக இங்கே வந்தவர். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணா, இதை ஆர் எழுதினது?”

“நான்தாம்மா. நல்லாருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “தண்ணி கேட்டா தேசத்துரோகமா?”

“தேசத்துரோகம் வேற அண்ணா. அது தன்ர நாட்டை எதிரிக்குக் காட்டிக் குடுக்கிறது. இது அது இல்லை. ஆனா கனபேர் கூடி, அரசாங்கத்தைப் பலவந்தமா எதிர்ப்பம் எண்டு பேசி முடிவெடுத்தா, அது சதி. ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒத்துக்கொண்டதே குற்றமாகலாம். நீங்கள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்.”

“ஐயோ, அது சும்மா ஒரு பேச்சுக்கும்மா!”

“எனக்குத் தெரியும். அரபியில வாசிக்கிறவருக்கு எப்பிடித் தெரியும்?”

என் வாய்க்கொழுப்புக்கு நாற்பது குடும்பமா தெருவில் நிற்பது? அவரே அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். கேம்ப் எங்கே, எத்தனை நாளாக உப்பு, எத்தனை பேருக்கு அரிப்பு என்று கேட்டுக் கேட்டு, சரிசெய்து தரும்படி பணிவாக ஒரு மனு அடித்தார்.

“என்னண்ணே, காரமே இல்லை?” என்று ரூமில் கிண்டல் செய்தார்கள். நடந்ததைச் சொன்னதும் ஆளாளுக்குப் பேனாவைத் தேடினார்கள். மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரமே நல்ல தண்ணீர் வந்தது.

நான் கொண்டுபோனதை அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் வந்த பிறகு காப்பாற்றும் வக்கீலை ஊரே புகழும். கேஸே வராமல் காப்பாற்றிய அந்தத் தங்கச்சியை நினைக்காமல் இன்றுவரை நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.