ஊசி போட விடுவினமாம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரில், ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் கோப்பிக் கடையில் ஒரே ஒருமுறைதான் அந்தத் தாதியைச் சந்தித்தேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒட்ட வெட்டிய முடி, சிரிக்காத முகம். பேசும்போதெல்லாம் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தாதியர் படிப்பில் முதலாம் ஆண்டு. கோடை விடுமுறையில் மலாவி நாட்டில் ஒரு கிராமத்துக்குத் தொண்டு செய்யப் போகவிருந்தேன். அவர் அங்கே போய்வந்தவர் என்பதால் விசாரிக்க வந்திருந்தேன்.

“அங்கை எங்களை ஊசி போடவும் விடுவினமாம், அக்கா,” என்றேன் பெருமையாக.

“இஞ்சை ஒரு பிள்ளைக்கு ஊசி போட உன்னை விடுவினமோ?”

“இல்லை. இன்னும் படிச்சு முடிக்கேல்லையே.”

“அப்ப அங்கத்தைப் பிள்ளையள் என்ன, நீ பழகிப் பாக்கிற பொம்மையளோ?”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. “நான் நல்ல மனசோடைதானே போறன்,” என்றேன்.

“நானும் படிக்கேக்கை அப்பிடித்தான் போனனான். நான் பிழையாப் போட்ட ஊசியாலை ஒரு சின்னப் பெட்டை இப்பவும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். என்னோடை ஆரும் கோபிக்கேல்லை. நான் வெளிக்கிடேக்கை அவளின்ரை தாய் ஒரு கோழி கொண்டுவந்து தந்தவ.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கே என் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவர் என்னை ஏசியது எப்போதோ மறந்துபோயிற்று. அவரை ஒருவரும் ஏசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.