என் தலைக்குப் போட்ட ஊசிகள்

எனக்குப் புழுவெட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். வயது இருபத்திரண்டு. திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தலை வாரும்போது வலது காதுக்கு மேலே எட்டணா அளவுக்கு முடி இல்லை. அரிப்பு இல்லை, புண் இல்லை. வழவழவென்று உள்ளங்கை மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் ஒன்று நான்கானது. அதில் ஒன்று வகிடு எடுக்கும் இடத்திலேயே.

ராத்திரி பூச்சி கடித்துவிட்டது என்பது அம்மாவின் முடிவு. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். தோல் புண்ணானதுதான் மிச்சம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னை ஒருவன் கையில் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது. அதை நான் குறை சொல்லவில்லை. அதற்காக அவள் செய்ததைத்தான் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து ஒரு தோல் டாக்டர் வியாழக்கிழமைகளில் வந்து, தேரடித் தெருவில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் உட்காருவார். வேலை முடிந்து நேராக அவரிடம் போனேன். புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உன் உடம்பே உன் முடியின் வேரோடு சண்டை போடுகிறது என்றார். கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை எடுத்து, முடியில்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டுக் குத்தினார். ஒரு குத்துக்கு ஒரு சொட்டு மருந்து. குத்திய இடம் வெள்ளையாகத் தடித்தது. அந்தக் காலத்தில் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். முனை மழுங்கியிருந்தால் தோல் கிழிகிற சத்தம் காதுக்குள் கேட்கும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன், அழமாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரவேண்டும், நடுவில் விட்டால் பரவும் என்று சொல்லி அனுப்பினார்.

தலையில் ஊசி போட்டால் மருந்து மூளைக்கு இறங்கிவிடும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம், மருந்துக்கடை வாசலில் யாராவது என்னைப் பார்த்துவிடுவார்கள் என்பது.

இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். மற்ற மூன்றையும் சவுரி வைத்துப் பின்னி மறைக்கலாம். வகிட்டில் இருப்பதை என்ன செய்வது? அம்மா இரண்டு நாள் யோசித்தாள்.

"மொட்ட போட்டுடலாம். வேண்டுதல்னு சொன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊரில் அது உண்மைதான். தினமும் நூறு மொட்டை பார்க்கிற ஊர். கோயிலுக்குப் பக்கத்தில் மொட்டை போடுகிறவர் என் தலையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்ததுமே கையை நிறுத்திவிட்டார். மழித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும் என்று அம்மாவிடம் சொன்னார். சந்தனத்தைக் கெட்டியாகப் பூசிவிட்டால் தெரியாது என்றாள் அம்மா. எனக்கும் காது இருந்தது, வாயும் இருந்தது. இருந்தும் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். அதற்காக என்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

நான்காம் நாள் மற்ற இடமெல்லாம் கருகருவென்று முளைத்தது. அந்த நான்கு இடம் மட்டும் வெளுப்பாக நின்றது. முன்பாவது சுற்றியிருந்த முடி மறைத்தது. இப்போது தெருக்கோடியிலிருந்தே எண்ணலாம். அம்மா தினமும் சந்தனம் அரைத்தாள். ஊசிக்குப் போகக்கூடாது என்று தடுத்தாள். நானும் போகவில்லை. ஐந்தாவதாக ஒன்று பிடரியில் வந்தது.

பெண் பார்க்க வந்த அன்று காலையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி என் தலையில் சந்தனம் அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மொட்ட போட்டு ஒரு மாசம் ஆவுதுன்றீங்க. இன்னுமா சந்தனம்?"

"சூடு ஜாஸ்திங்க, அதான்," என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கியது. இதே பொய்யைக் கல்யாணத்துக்குப் பிறகும் நான் தினமும் அரைத்துப் பூச வேண்டும் என்பது அந்த நடுக்கத்தில்தான் எனக்கு உறைத்தது.

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க. எனக்குப் புழுவெட்டு. தலையில ஊசி போட்டுக்கறேன். அத மறைக்கத்தான் மொட்ட," என்றேன். முந்தானையால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தேன்.

அந்த அம்மாள் தன் பையன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுங்க. உங்க பையனுக்குக் கூடத்தான் முன்னாடி முடி ஏறிக்கினு போவுது. நான் கேட்டனா?"

மாப்பிள்ளையின் கை தானாக நெற்றிக்குப் போனது. அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"உன் வாயால நீயே கெடுத்துக்கினியே," என்று அம்மா அழுதாள்.

அந்த வியாழக்கிழமையே முக்காடு இல்லாமல், சந்தனம் இல்லாமல் தேரடித் தெருவில் நடந்து போனேன். பூக்காரம்மா, "வேண்டுதலாம்மா?" என்றாள். "இல்ல, புழுவெட்டு," என்றேன். இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதையே சொல்லி, தட்டுங்கள் என்றேன். இரண்டு தடவை விட்டதற்கு டாக்டர் திட்டினார். ஐந்து இடத்துக்கும் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாலு மாதம் கழித்து முடி முளைத்தது. வெள்ளையாக முளைத்தது. முதலில் அப்படித்தான் வரும், போகப்போகக் கறுக்கும் என்றார் டாக்டர். பிடரியில் மட்டும் மருந்து அதிகமாகி ஒரு குழி விழுந்தது. இன்றைக்கும் விரல் வைத்தால் தெரியும்.

அம்மா நரைமுடிக்குப் பூசும் மைப்பாக்கெட் வாங்கிவந்து, கிண்ணத்தில் கரைத்து, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷோடு என் முன்னால் நின்றாள். இன்னொரு ஜாதகம் வந்திருக்கிறது என்றாள்.

"அவங்க வந்து இந்த வெள்ளையப் பாக்கட்டும். ஒத்துக்கிட்டா பேசு."

கிண்ணத்தை வாங்கி முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினேன். நடுமண்டையில் வெள்ளைக் கொத்து நிற்க, வேலைக்குக் கிளம்பினேன்.