தகப்பன் பேருக்கு நேரே

பழைய ஏட்டுக் கட்டை அவிழ்க்கும் முன் செங்கமலம் அக்கா அதை மூக்கருகே கொண்டுபோவார். ஒருமுறை முகர்ந்ததும் தெரிந்துவிடும். "இது எலி குடும்பம் நடத்தற கட்டு. எட்டிப் போ" என்பார். இல்லாவிட்டால், "இது மழயில நனஞ்சி காஞ்சது. பக்கம் ஒட்டிக்கினு கீது. மெதுவாதான் எடுக்கணும்." அதன்பிறகே சிவப்புத் துணியின் முடிச்சில் கை வைப்பார். நகத்தால் இழுக்க மாட்டார். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து நெம்புவார். முடிச்சு அவிழ்ந்ததும் அந்த ஹேர்பின் பல்லிடுக்குக்குப் போய்விடும். அப்புறம் பேச்செல்லாம் அதைக் கடித்துக்கொண்டுதான்.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் மண்டல ஆபீசில், அதாவது தாலுகா ஆபீசில், அவர் கூட்டுகிற வேலை செய்கிறார். பதினாறு வருடங்களில் எட்டுத் தாசில்தார்கள் மாறிவிட்டார்கள். விளக்குமாறும் அவரும் மாறவில்லை. ரிக்கார்டு ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரே நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு சாக்கடை மட்டும்தான். உள்ளே அவர் பேசுவது ஒன்றுவிடாமல் இங்கே கேட்கும்.

பிறந்த தேதி, செத்த தேதி, பாட்டன் பெயர் என்று தேடி வருகிறவர்களைக் கிளார்க் ஹேமநாத் சார் அக்காவிடமே தள்ளிவிடுவார். எந்த அலமாரியில் எந்த ஊர்க் கட்டு இருக்கிறது என்பது அவருக்குத்தான் மனப்பாடம். வருகிறவர்களிடம் அக்கா வருடம் கேட்பதில்லை. "அப்போ இன்னா நடந்துச்சி? பொயலா, வாந்திபேதியா, பிச்சாட்டூர் அணை கட்டிக்கினு இருந்தாங்களா?" என்பார். சூளூர்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் தலையைச் சொறிந்தார். "எங்க ஆயா செத்த அன்னிக்கி வூட்டுல மாடு கன்னு போட்டுச்சாம். அதான் தெரியும்."

"மாட்டு பேரு இன்னா? அத்தயும் சேத்தே தேடித் தரேன்."

கிண்டல் செய்துகொண்டே அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். மாட்டை அல்ல, ஆயாவை.

அக்கா தெலுங்கு மீடியத்தில் ஐந்தாவது வரை படித்தவர். தமிழ் பேச மட்டும் வரும். எல்லையோர ஊர்களில் பலர் அப்படித்தான். தமிழ்ப் பெயர்கள் தெலுங்கு எழுத்தில் ஏறும்போது கொஞ்சம் நசுங்கிவிடும். 'ழ' இருக்கிற இடத்தில் 'ல' வந்து உட்காரும், பெயரின் வால் உதிர்ந்துபோகும். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும் என்பது அக்காவின் அனுபவம். அதனால் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுத்தான் படிப்பார்.

ஹேமநாத் சார் தெலுங்குக்காரர். "ஏமம்மா மீ அரவ கோல!" என்று காதைப் பொத்துவார். உங்கள் தமிழ்க் கூச்சல் தாங்கவில்லை என்று அர்த்தம்.

"சார், இவங்கல்லாம் செத்துப் பூட்டு அறுவது வருசம் ஆவுது. நான் கத்தறதுல யாரு தூக்கம் கெடப்போவுது? உங்களுதா?"

ஊரார் பாட்டன்களையெல்லாம் தேடிக் கொடுத்த அக்காவுக்குத் தன் பாட்டன் பெயர் தெரியாது. தகப்பனை அவர் நைனா என்பார்; பெயர் அப்பாவு. அந்த நைனாவுக்கே தன் தகப்பன் பெயர் தெரியாது. ஆறு வயதில் அவரை, ஏரிக்கு அந்தப்பக்கத்துக் காலனியிலிருந்து கூட்டிவந்து, தாமோதரன் என்கிற நிலக்காரர் வீட்டில் மாடு மேய்க்க விட்டார்கள். கூலி, இரண்டு வேளைக் கூழ். விட்டவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா பெயர் செங்கமலம் என்பது மட்டும் நைனாவின் நினைவில் நின்றது. அதைத்தான் மகளுக்கு வைத்தார்.

ஆதார் எடுத்த அன்று நைனாவிடம் தகப்பன் பெயர் கேட்டார்கள். வரிசையில் பின்னால் நின்ற யாரோ, "தாமோதரன் வூட்டு ஆளு" என்று குரல் கொடுத்தார்கள். தட்டச்சு செய்தவர், தகப்பன் பேருக்கு நேரே தாமோதரன் என்று அடித்துவிட்டார். அதிலிருந்து பென்ஷன் கொடுக்கும்போதெல்லாம் 'தாமோதரன் மகன் அப்பாவு' என்றுதான் படிப்பார்கள். நைனா கைநீட்டி வாங்குவார், முகத்தை மட்டும் வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். "நான் அவுரு புள்ளயா இருந்தா மாடு மேய்க்க உட்டுருப்பாரா? ஸ்கூலுக்கு இல்ல அனுப்பிச்சிருப்பாரு?" என்று ஒருமுறை கேட்டாராம்.

பொங்கலிலிருந்து நைனா படுக்கையில் இருக்கிறார். அக்காவின் அவசரம் அதுதான். "நாளிக்கு அவுரு பூட்டார்னா சாவு சர்ட்டிபிகேட்டுலயும் தாமோதரன் மவன்னுதான் போடுவாங்க. உசுரோட மாடு மேச்சது போதாதா? செத்தும் அந்த வூட்டு ஆளாதான் போவணுமா?"

திருத்த வேண்டுமானால் பழைய காகிதம் ஒன்றாவது வேண்டும் என்று ஹேமநாத் சார் சொல்லியிருந்தார். கூட்டி முடித்ததும் அக்கா ஏரிக்கு அந்தப்பக்கத்து ஊர்களின் ஏடுகளோடு உட்கார்ந்துவிடுவார். நைனா படுக்கும் முன்பே தொடங்கியது, இரண்டு வருடம் ஆகிறது. பிறப்பு ஏட்டைப் பார்த்து அவரே சிரித்தார். "இதுல புள்ள பேரே எழுதறது இல்லமா. நைனா பேரு, ஆணா பொண்ணா, அவ்ளோதான். நைனா பேர கண்டுபுடிக்க நைனா பேரு வேணுமாம்! நல்லா கீது கத." பிறகு இறப்பு ஏடுகளை எடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வழக்கம்போல் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. "கோணவாயி ஏலுமல" என்று ஒரு பெயர் வந்தது. திரும்ப அதே பெயர். அப்புறம் சத்தமே இல்லை.

"ஏமம்மா, கரெண்டு போயிந்தா?" என்றார் ஹேமநாத் சார்.

அக்கா ஜன்னலில் தெரிந்தார். வாயில் ஹேர்பின் இல்லை. "அம்மாடி, ஓடியா! மிஷின அப்படியே உட்டுட்டு ஓடியா!" என்று என்னைக் கூப்பிட்டார். நான் சாக்கடையைத் தாண்டி ஓடினேன்.

ஹேமநாத் சார் ஏட்டின்மேல் குனிந்திருந்தார். "இதுல இன்னாம்மா கீது? கோணவாயி இவுங்க இண்டிபேரு." அவர் தமிழ் அக்காவிடம் கற்றுக்கொண்டது.

இண்டிபேரு என்றால் வீட்டுப்பெயர். தெலுங்குக்காரர்களுக்கு ஆளின் பெயருக்கு முன்னால் குடும்பத்தின் பெயர் ஒன்று வரும். எங்களுக்கு அது கிடையாது.

"எங்களுக்கு ஏது சார் இண்டிபேரு?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எழுதறவன் 'இண்டிபேரு ஏமி'ன்னு கேட்டுக்கீறான். எங்க ஆளுங்களுக்கு இன்னா புரியும்? வூட்டாண்ட கூப்புடற பேர கேக்கறான்னு நெனச்சி, கோணவாயின்னு சொல்லிக்கீறாங்க! எங்க நைனாவ மாடு மேய்க்கற பசங்கல்லாம் 'கோணவாய்ப் புள்ள, கோணவாய்ப் புள்ள'ன்னு கிண்டல் பண்ணுவாங்களாம் சார். தன் வாயத்தான் சொல்றாங்கன்னு அவுரு கொளத்துத் தண்ணியில மொகம் பாத்துக்கினே இருப்பாராம். அவுரு வாயி நேராத்தான் கீது! அது அவுரு நைனாவுக்கு வெச்ச பேரு!"

"இரும்மா, இரு. கோணவாய் வேற யாருக்கும் இருக்கக் கூடாதா?" ஹேமநாத் சார் விரலை அந்த வரியின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். 1963. வயது முப்பத்தைந்து. காய்ச்சல். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் இருந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார். "பார்ய, செங்கமலம்." மனைவி செங்கமலம். பக்கத்தில் மையில் திட்டாக ஒரு கைநாட்டு.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மா, நீ பேரே கதா!" உன் பெயர்தானே என்கிறார்.

அக்கா அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. புடவையில் கையைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது "ஒண்ணு போடு" என்றார். "ரெண்டு." பிறகு "நாலு போட்டுடு, எலி கீற ஊரு." ஹேமநாத் சார் நான்கிலும் சீல் குத்தினார். ஒன்றில் தலைகீழாக விழுந்துவிட்டது.

ஒரு காகிதத்தை என் மேசையில் விரித்துவைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். நைனாவுக்குக் காது மந்தம். "நைனா, கெடச்சிடுச்சி! உன் நைனா பேரு ஏழுமலை! ஏ-ழு-ம-லை!" என்று தெரு அதிரக் கத்தினார். எதிர் டீக்கடையில் ஒருவர் திரும்பினார். "இன்னாக்கா, நான் இன்னா பண்ணேன்?" எங்கள் பக்கத்தில் வீதிக்கு மூன்று ஏழுமலை.

"உன்ன யாரு கூப்டா? டீய குடி!" என்று அவரை அடக்கிவிட்டு அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். மறுபக்கம் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் மெல்லிசாகக் குரல் வந்தது.

"நைனா."

இங்கே பெற்ற பிள்ளைகளையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவதுண்டு. "சொல்லு நைனா, கேட்டுக்கினுதான் கீறேன்" என்றார் அக்கா.

"உன்ன இல்லமா."

குரல் வருகிற பக்கம் கீழே இருக்கும்படி, அக்கா போனைக் காகிதத்தில் ஏழுமலை பெயர் இருந்த வரியின்மேல் கவிழ்த்துவைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.