கேற்றடி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் பிடித்து, அமெரிக்க விமானப்படை முகாம் ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் குழுவில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் நான் மட்டும் என்பதால் என்னையே மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவில் இருந்த அக்கா ஒருவருக்குப் பதினான்கு வயது மகள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான். பள்ளி விடுமுறையில் அவளைத் தனியே விட்டுவர அக்காவுக்குப் பயம். என்னைக் கெஞ்சினார். "புது வேலையாள்" என்று காவலரிடம் பொய் சொல்லி அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

அன்று மதியம் அவளும் முகாமிலேயே குடியிருந்த ஒரு சார்ஜன்ட்டின் மகளும் விளையாட்டாகக் கல் எறிந்தார்கள். வாசலில் திரும்பிய வேனின் கண்ணாடி உடைந்து, ஓட்டியவரின் புருவம் கிழிந்தது. சார்ஜன்ட் தன் மகளை வாய் திறக்கவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எங்கள் பிள்ளை தானே எறிந்ததாக ஒப்புக்கொண்டாள்.

முகாம் பொலிசும் நகரப் பொலிசும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உள்ளே நின்று எறிந்திருந்தால் இரு தரப்பும் கூடிப் பேசிக் கண்டித்து விட்டுவிடலாம். வெளியே நின்றிருந்தால் நகரப் பொலிஸ் மட்டும்தான், கோர்ட் வரை போகும் என்றார்கள். பார்த்த சாட்சி அக்கா. மொழிபெயர்க்க நான். பிள்ளை அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"உள்ளேயா, வெளியேயா?"

"கேற்றடியிலதான் நிண்டவள், தம்பி."

கேற்றடி என்றால் வாசலுக்குப் பக்கத்தில். எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். உள்ளே என்று வந்தால் அடுத்த கேள்வி, இவளை யார் உள்ளே விட்டது என்பதுதான். "வெளியே" என்று சொல்லிவிட்டேன்.

கோர்ட்டில் அவள் பெயர் பதிவானது. அகதி வழக்கு முடியாமலிருந்த அக்கா, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் நித்திரையில்லாமல் கிடந்தார். அதற்கிடையிலும் எனக்குப் புட்டு அவித்துக் கொண்டுவந்தார். தின்ன வெட்கமாக இருந்தது. தின்றேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கேற்றடி எண்டால் வெளியிலயோ?"

கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்தளவு இங்கிலிஷ் எனக்கு அப்பவே விளங்கினது."

"பிறகேன் பிள்ளை பேசாமல் இருந்தனீ?"

"நான் வாய் திறக்கப் போனன். அம்மா கையைப் பிடிச்சு இழுத்தவா. மாமா எங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுவார், நீ பேசாமல் இரு எண்டவா."