ஏழு மாத்திரை மிச்சம்

துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணித் தாளில் கோடு போடுவது என் வேலை. அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எண்ணிக்கை குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், தேடினால் ஆள் அகப்படுவான். எண்ணிக்கை மிகுந்தால்தான் பயப்பட வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஏதோ ஒன்று போய்ச் சேரவில்லை என்று அதற்குப் பொருள்.

என் மகள் இரண்டாவது முறை கருவுற்றபோது மருத்துவமனைக்காரர்களை நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதல் முறை ஐந்து தடவை பரிசோதனைக்குப் போனாள். ஐந்து தடவையும் "எல்லாம் நார்மல்" என்றே சொல்லி அனுப்பினார்கள். இருபத்தைந்தாம் வாரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. நான்கு நாள் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று நான் அதைப் பார்த்தது மொத்தம் பதினொரு நிமிடம்.

ஆகவே இந்த முறை அவர்கள் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது, போன முறை யார் பார்த்தது என்ற கேள்வி வாய்வரை வந்தது. மனைவி என் முழங்கையைக் கிள்ளியதால் கேட்கவில்லை.

இருபதாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு குறைமாதத்தில் பெற்றவர்களுக்குக் கருப்பை வாயின் நீளத்தை அளப்பார்களாம். அது குட்டையாக இருந்தால் குழந்தை முந்திக்கொள்ளக்கூடுமாம். இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தைந்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்றார்கள்.

"எத்தனை தடவை அளந்தாங்க?" என்று மகளைக் கேட்டேன்.

"மூணு தடவைப்பா. மூணுல எது சின்னதோ அதைத்தான் எழுதுவாங்களாம்."

அப்போதே என் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. துறைமுகத்தில் மூன்று பேர் எண்ணி மூன்று எண் வந்தால் நான்காவது முறை எண்ணுவோம். சின்னதை மட்டும் எழுதுகிறவன் எதையோ விற்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நினைத்தது போலவே அன்று மருந்தும் கொடுத்தனுப்பினார்கள். தினமும் படுக்கப் போகும்போது ஒன்று. விழுங்குவதல்ல, உள்ளே வைத்துக்கொள்வது. அதற்கு மேல் எனக்கு விவரம் சொல்லப்படவில்லை. "அது பொம்பளைங்க விஷயம், நீங்க அந்தப் பெட்டியில கை வைக்கக்கூடாது" என்று மனைவி ஆணையிட்டாள். என் ரத்த அழுத்த மாத்திரை இருக்கும் இழுப்பறையிலேயே அந்தப் பெட்டியும் இருந்தது. நான் தொடவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கென்று ஒரு தாளும் தந்திருந்தார்கள். நான்கு மொழிகளில் அச்சிட்டது. தமிழ்ப் பக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள் மனைவி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தாள்: "முறையான இடைவெளியில் சுருக்கங்கள் ஏற்பட்டால் உடனடியாகத் தொடர்பு கொள்ளவும்."

வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வயித்துல சுருக்கம் விழுந்தா போன் பண்ணணுமாங்க. புள்ள பெத்தவளுக்குச் சுருக்கம் விழாம? எனக்கு இன்னும் இருக்கு, நானும் பண்ணவா?"

அந்த வார இறுதியில் தேக்கா சந்தைக்குப் போய்த் தோல் சுருக்கத்துக்கு இரண்டு புட்டி எண்ணெய் வாங்கி வந்தாள். தமிழ் படித்த நானும் அதை அப்படித்தான் வாசித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

இருபத்தெட்டு வாரம் முடிந்த நாளில் அடுத்த நான்கு வாரத்துக்கு இருபத்தெட்டு மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து நான் தேக்காவுக்கு மீன் வாங்கப் போனேன். என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் அங்கே தினமும் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, குடிக்க வருவார். பெட்டியின் மேல் தெரிந்த மருந்துப் பெயர் உட்பட அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, நம்ம அம்மா காலத்துல யாரு அளந்தா? எட்டு பேரு பொறக்கலையா?" என்றார்.

"எங்க வீட்டுல ஒன்பது. ரெண்டு தங்கல."

"அது வேற லா. நல்லா நடமாடுற பொண்ணுக்கு எதுக்குண்ணே இந்த ஹார்மோனு மருந்து? கம்பெனிக்காரன் செஞ்சு வச்சிருக்கான், எங்கயாச்சும் தள்ளணும்ல?"

அவர் சொன்னது என் சந்தேகத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அது ஹார்மோனாம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அவங்களுக்கு விக்கணும், அவ்வளவுதான்" என்றேன். மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கை கழுவ எழுந்து போனாள். மனைவி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதிலிருந்து ஏழாம் நாள் காலையில் ரத்த அழுத்த மாத்திரையை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். என்னுடையதை எண்ணினேன், சரியாக இருந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெட்டியையும் எடுத்து எண்ணிவிட்டேன்.

பதினேழு இரவுகள் கழிந்திருந்தன. பதினொன்று மீதி இருக்க வேண்டும். பதினெட்டு இருந்தது.

முதலில் மருந்தகத்தைத்தான் சந்தேகித்தேன், கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள் என்று. பெட்டியின் ஒட்டுத்தாளில் இருபத்தெட்டு என்று இருந்தது. காலியான குழிகளை எண்ணினேன். பத்து. இழுப்பறையை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழு நாளுக்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

மகளிடம் கேட்பதைத் தள்ளிப்போட்டுச் செய்தித்தாளை எடுத்து விரித்தேன். மதியம் அவள் சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகு கடுக்கிறது, அடிவயிறு கல் மாதிரி ஆகிறது என்றாள்.

"சூட்டு வலிடி. இந்த வெயிலுக்கு வேற என்ன?" என்று மனைவி சீரகத் தண்ணீர் வைக்கப் போனாள். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள். மகளும் சூடுதான் என்றாள். அவள் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. சூடாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவளின் வேகம் அது.

நான் எதிரில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவாள், பல்லைக் கடிப்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். செய்தித்தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தேன். இரண்டு மணி பத்து. இரண்டு இருபத்தொன்று. இரண்டு முப்பத்தொன்று. இரண்டு நாற்பத்திரண்டு. சூடு கடிகாரம் பார்த்து வராது.

தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது ஐஸ்பெட்டிக் கதவில் அந்தத் தாள் கண்ணில் பட்டது. முறையான இடைவெளியில் சுருக்கங்கள். தோலில் விழும் சுருக்கத்துக்கு இடைவெளி ஏது? தாளைத் திருப்பி ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த சொல் வேறு. வயிறு இறுகுவதைத்தான் தமிழில் சுருக்கம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தது தமிழ் நர்ஸ்.

"எத்தனை மாசம் அங்கிள்?"

"எட்டு மாசம் நடக்குதுன்னு சொல்லுங்க!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்.

"முப்பது வாரம் மூணு நாள்" என்றேன். "பத்து, பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நாலு தடவை குறிச்சு வச்சிருக்கேன். முதல் குழந்தை இருபத்தஞ்சு வாரத்துல பொறந்துச்சு."

"டாக்ஸி பிடிங்க அங்கிள், இப்பவே. ரத்தம் பட்டாலோ பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போனாலோ உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து போகும் வழியில் வலி இன்னும் மூன்று முறை வந்தது. மகள் என் கையைப் பிடிக்கவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் வலியைத் தணிக்க மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையின் நுரையீரலுக்கென்று ஓர் ஊசி போட்டார்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று போட வேண்டும், அதுவரையாவது பிள்ளை உள்ளே இருந்தால் நல்லது என்று போனில் பேசிய அதே தமிழ் நர்ஸ் சொன்னார். திரைக்கு வெளியே நானும் மனைவியும் நின்றோம். வேலையிலிருந்து மருமகன் வந்துகொண்டிருந்தார்.

இளம் பெண் டாக்டர் மகளைக் கேட்பது எனக்குக் காதில் விழுந்தது. தினமும் மருந்து வைத்தாயா என்றார்.

"எவ்ரி நைட்" என்றாள் மகள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, என்னையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தவறான கணக்கை நம்பி அடுத்த சரக்கை ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரைக்கு வெளியே நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்: ஏழு மாத்திரை மிச்சம் இருக்கிறது, டாக்டர். ஏழு இரவு வைக்கவில்லை. காரணம் அவள் இல்லை, நான்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "நீங்கதானப்பா பிள்ளைக்கு என்ன ஆகும்னு தெரியாதுன்னு சொன்னீங்க? பயந்துட்டேன்ப்பா. உங்ககிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு."

"எண்ணிப் பாத்தீங்களா?" என்று மனைவி என்னிடம் சன்னமாகக் கேட்டாள். கிள்ளவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். அதனால்தான் வலி வந்தது என்று சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். உண்மை தெரிந்தது நல்லது, மருந்தைத் தொடரலாமா என்று முடிவு செய்ய அது தேவை என்றார். முதல் முறையாக ஒரு மருத்துவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று என்னிடம் சொன்னார். மூன்றில் சின்ன அளவை ஏன் எழுதுகிறீர்கள் என்று அவரிடமே கேட்டேன். "தப்பு பண்ணினா, கவனம் அதிகமா இருக்கிற பக்கம் தப்பு பண்ணணும் அங்கிள்" என்று டாக்டருக்குப் பதிலாக நர்ஸ் தமிழில் சொன்னார். அது எங்கள் துறைமுக வழக்கம் அல்ல. ஆனால் எங்களுடையது மூட்டைக்கான வழக்கம்.

இரண்டாவது ஊசியும் போட்டார்கள். வலி நின்றது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அன்று முதல் மாத்திரையை அவளே எண்ணி, மீதி எத்தனை என்று எனக்குக் கேட்கும்படி அறைக்குள்ளிருந்து சத்தமாகச் சொல்வாள். அது மன்னிப்பா குத்தலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பேரன் முப்பத்தாறு வாரம் ஆறாம் நாள் பிறந்தான். ஒரு நாள் முந்திவிட்டதால் குறைமாதம் என்றே பதிவானது. தேதியை எங்கிருந்து எண்ணினீர்கள் என்று நான் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவனை வைக்கவில்லை. நேரே என் மகளின் நெஞ்சின்மேல் வைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். காத்திருக்கும் இடத்தில் அதே தாள், அதே சுருக்கங்கள். அடுக்கில் இருபத்து மூன்று இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே "வயிறு கல்லு மாதிரி இறுகி, விட்டு, மறுபடியும் இறுகினால்" என்று பேனாவால் எழுதத் தொடங்கினேன். பதினான்காவது தாளில் அந்தத் தமிழ் நர்ஸ் வந்து நின்றார்.

"அங்கிள், என்ன இது? ஒரு வார்த்தைதானே?"

"நானும் வீட்டுல ஒண்ணு ரெண்டு வார்த்தைதான்மா சொன்னேன்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி வாசித்தார். பிறகு அடுக்கில் மீதி இருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் எத்தனை எடுத்தார் என்று பார்த்தேன். ஐந்து.