மூன்றாம் பந்தி

முத்தழகு டீச்சர் 1959ஆம் ஆண்டு, வலையபட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். பிறந்த ஊர் தேவகோட்டை. தந்தை பூமிநாதன் கல்யாண வீடுகளில் சமையல் செய்பவர். விடுமுறை நாள்களில் தந்தையோடு சென்று, கோட்டை அடுப்பின் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே பாடம் படித்தவர் இவர். கண்டிப்பானவர் என்று அவர் பெயர் வாங்கவில்லை. பொறுமைசாலி என்றும் வாங்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் அன்று டீச்சருக்குச் சோறு இறங்காது என்பதை மட்டும் ஊரார் அறிந்திருந்தனர்.

1964இல் அவருடைய நான்காம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களில் சிலருக்கு வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொன்னால் போதும். காதில் விழுந்தது மனத்தில் நின்றுவிடும். சிலருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். பார்த்துச் சிலேட்டில் இருமுறை எழுதினால் மறக்க மாட்டார்கள். மீதிப் பதினொரு பேருக்கு இரண்டும் பயன்படவில்லை. அவர்கள் பின்வரிசையில் அமர்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி, மிளகாய் பயிரிடும் கோட்டைச்சாமியின் மகள் ஆயி. மூன்று ஆண்டுகளாகக் கழித்தல் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் டீச்சர் அவள் முன்னால் ஒரு கை புளியங்கொட்டையைக் கொட்டினார். அரை மணி நேரத்தில் ஆறு கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டு, “இம்புட்டுத்தானா டீச்சர்? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டாள் ஆயி.

மறுநாளே டீச்சர் வகுப்பை மூன்றாகப் பிரித்தார். சொல்லிப் படிப்பவர் ஓரிடம், பார்த்துப் படிப்பவர் ஓரிடம், தொட்டுப் படிப்பவர் ஓரிடம். கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி எனப் பெயரும் வைத்தார். எல்லாப் பந்திக்கும் ஒரே சமையல், பரிமாறும் விதம் மட்டுமே வேறு என்பது அவர் எண்ணம். பெயர் பொருத்தமாக அமைந்ததில் அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

பெருமை பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாளாகிய செவ்வாயன்று தலைமையாசிரியர் காசிவிஸ்வநாதன் அவரை அழைத்து ஒரு காகிதத்தைக் காட்டினார். பெற்றோர் பதினான்கு பேர் கையெழுத்திட்ட மனு அது.

“பிள்ளைகளைப் பிரிச்சு வச்சிருக்கீகன்னு எழுதியிருக்காக, டீச்சரம்மா. நாளைச் சாயங்காலத்துக்குள்ள பந்தியைக் கலைச்சிருங்க. இல்லாட்டி வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றப்ப இதை நான் அவர் கையில குடுத்துத்தான் ஆகணும். உங்களை வேற ஊருக்குத் தூக்கிப் போட்டுருவாக.”

சாதி பார்த்துப் பிரித்ததாக நினைத்துவிட்டார்களோ என்று டீச்சர் திகைத்தார். வருகைப் பதிவேட்டை எடுத்து இரண்டு முறை சரிபார்த்தார். மூன்று பந்தியிலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலந்தே இருந்தனர். கலைத்துவிட்டால் ஊர் மாற்றல் வராது. ஆனால் அந்தப் பதினொரு பேரும் திரும்பக் கொட்டாவிக்கே போய்விடுவார்கள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை, மனுவில் முதல் கையெழுத்திட்ட பெரிய வீட்டுத் தேனம்மை ஆச்சி வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் மகன் முத்தப்பனும் மூன்றாம் பந்திதான். ஆச்சிக்குப் பின்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கோட்டைச்சாமி நின்றார்.

“என்னத்தா டீச்சரு, என் மகன் அப்படி என்ன தப்புப் பண்ணிப்பிட்டான்? ஒரு கல்யாணங்காச்சின்னா அவனை வாங்க வாங்கன்னு கூட்டிப் போயி முதல் பந்தியில உக்கார வைப்பாக. நீ மூணாம் பந்தியில தள்ளியிருக்கியே!”

“ஆச்சி வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதின்னா எம்பிள்ளைய விடுங்க,” என்றார் கோட்டைச்சாமி. “மூணாம் பந்தியில பாயாசம் தண்ணியாத்தான் வரும். அப்பளம் வரவே வராது. எங்களுக்குத் தெரியாதா டீச்சர்?”

அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. சமையல்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கடைசிப் பந்திதான் தன் பந்தி. ஊரார் எல்லாரும் உண்டு எழுந்த பின், தந்தை தம் கையாலேயே பரிமாறுவார். அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள். அதில் ஒரு குறைவு உண்டு என்பதே அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

“பேரு வச்சது என் தப்பு ஆச்சி. பாடம் பாதியில நிக்கிது. முடிச்சிட்டு வந்துர்றேன். அண்ணே, நீங்களும் உள்ள வந்து உக்காருங்க,” என்றார்.

அன்றைய பாடம் பழைய வீசையும் புதிய கிலோவும். “அஞ்சு வீசை ஏழு கிலோ” என்று முதல் பந்தி கூரை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் பந்தி அதையே சிலேட்டில் எழுதியது. கோட்டைச்சாமி சற்று நேரம் கேட்டார், பலகையையும் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

“அது எப்படி டீச்சர்? ரெண்டு வருசமா மிளகாய் மூட்டையைச் சொமந்துக்கிட்டுப் போறேன். மண்டியில ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்றாக. ஒண்ணும் வெளங்கலை.”

“அய்யா, இங்குட்டு வாங்க,” என்றாள் ஆயி.

மூன்றாம் பந்தியின் நடுவே, மளிகைக் கடை உடையப்பனிடம் டீச்சர் இரவல் வாங்கி வந்த பெரிய தராசு தொங்கிக்கொண்டிருந்தது. ஆயி ஒவ்வொரு வீசைக் கல்லாகத் தந்தையின் கையில் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஐந்தையும் ஒரு தட்டில் வைத்தார். முத்தப்பன் கிலோ கற்களைக் கொடுக்க, மறு தட்டில் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆறாவது கல் வரை வீசைத் தட்டு அசையவில்லை. ஏழாவதை வைத்ததும் அது மெல்ல எழும்ப, முள் நடுவில் நின்றது.

கோட்டைச்சாமி கற்களை எல்லாம் இறக்கிவிட்டு மறுபடியும் தாமே வைத்தார். முள் மறுபடியும் நடுவில் நின்றது. “அட!” என்றவர், துண்டை விரித்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். “டீச்சர், நானும் இந்தப் பந்திதான் போலருக்கு. மனுவுல இருக்கிற எங்கையெழுத்தை அடிச்சிருங்க.”

ஆச்சி அவ்வளவு எளிதில் இறங்குபவர் அல்லர். “அவரு சரின்னா எனக்குச் சரியாயிருமா? மூணாம் பந்தி மூணாம் பந்திதானே?”

டீச்சர் சற்று யோசித்தார். “இனிமே ஒரு நாளைக்கு ஒரு பந்தி முதல் பந்தி, ஆச்சி. அன்னைக்கு அவுகதான் முன்னால உக்காருவாக. பாடமும் அவுககிட்ட இருந்துதான் ஆரம்பிக்கும்.”

“என் மகனுக்கு என்னைக்கு?”

“நாளைக்கு.”

“வியாழக்கிழமையா? இன்ஸ்பெக்டர் வர்றாகளே, அன்னைக்கா?”

“அன்னைக்கேதான்.”

ஆச்சி தலைமையாசிரியர் அறைக்குச் சென்று மனுவைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மத்த பன்னெண்டு பேருகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்றார்.

வியாழனன்று ஆய்வாளர் வந்தார். முன்வரிசையில் தராசைக் கண்டு, தாமும் ஒரு கல்லை எடுத்து எடை பார்த்தார். அது கிலோக் கல் இல்லை, வீசைக் கல் என்று முத்தப்பன் திருத்தினான். “பிள்ளைகள் சுறுசுறுப்பாக உள்ளனர்” என்று பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார்.

டீச்சர் 1977 வரை அதே பள்ளியில் பணி புரிந்தார். பந்திகளும் ஆண்டுதோறும் நடந்தன. மனு எழுதப்பட்டதற்கு மூன்றாம் ஆண்டு, ஆச்சி தம் மகள் சாலாவை நான்காம் வகுப்புக்கு அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் கேட்ட பேச்சை ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டே வந்தாள் அவள்.

“டீச்சரு, இவளைத் தராசுகிட்ட உக்கார வையி.”

“இவளுக்குக் காது போதும் ஆச்சி. சொல்லிப் படிக்கிற பிள்ளை.”

“அண்ணனுக்கு மட்டும் தராசு, இவளுக்குக் கிடையாதா? என்ன ஓரவஞ்சனை இது?” என்று சண்டைக்கு வந்தார் ஆச்சி.