அம்மாவோட குண்டானும் அலுமினியப் படகும்

அட, சண்டையும் இல்ல ஒண்ணும் இல்லடி, எம் மருமவப்புள்ளதான் தட்டுறாரு. நீ ஏன் இப்படிக் காதப் பொத்திக்கிட்டு ஓடியாற? வா, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு. லீவு நாளுன்னா மனுசன் படுத்துத் தூங்குவான், இவுரு காலையிலேருந்து டங்கு டங்குன்னு படகு சரி பண்றாரு. அதும் இன்னா படகு? பழைய இரும்புக் கடையில நசுங்கிக் கெடந்த அலுமினியப் படகு! சிதம்பரத்துல, ஆட்டோ போறதுக்கே எடமில்லாத தெருவுல, வூட்டு வாசல்ல படகப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. ஞாயித்துக்கெழமையில கிள்ளைப் பக்கம் போயி தூண்டி போடுவாராம். எம் பொண்ணு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு உள்ள கெடக்குது. எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கல. ஏன்னு கேளு.

எங்க வூட்லயும் இதே மாரி ஒரு அலுமினியப் படகு இருந்துச்சுடி. அப்ப எனக்கு ஏழோ எட்டோ வயசு. யாரு எழுதி வெச்சா? முன்னாடி ரெண்டு பல்லு வுழுந்திருந்துச்சு, அத வெச்சு சொல்றேன்.

முதுநகரு தாண்டி உப்பனாத்து ஓரம் எங்க குப்பம். எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒரே கட்டுமரத்துல கடலுக்குப் போவாங்க. ஒரு ஐப்பசி மாசம் போனவங்கள்ல எங்கப்பா மட்டும் ரெண்டாம் நாளு திரும்பி வந்தாரு, ஒத்தக் கட்டையப் புடிச்சிக்கிட்டு. பெரியப்பா வரவே இல்ல. மரமும் போச்சு. அதுலேருந்து அப்பா கரையிலயேதான். வலையில கிழிசல் பாத்துக் குடுப்பாரு, அவ்ளோதான். யாராச்சும் வாய்யான்னு கூப்ட்டா, 'எம் மரம் போச்சு, அடுத்தவன் மரத்துல நான் காலு வெக்க மாட்டேன்'னுருவாரு. ரோசக்காரன்யான்னு ஊரே பேசிக்கும். ஆத்துக்குப் பத்தடியில வூடு, ஆனா காலு கழுவக்கூட கெணத்துக்குத்தான் போவாரு. அத நான் தெனமும் பாப்பேன். சில பேருக்குக் கெணத்துத் தண்ணிதான் புடிக்கும்போலன்னு நெனச்சுக்குவேன்.

சோறு போட்டது எங்கம்மாதான். இருட்டோட கூடையத் தூக்கிக்கிட்டு, ரயிலேறி, இங்க சிதம்பரத்துக்கு வந்து தெருத்தெருவா மீனு வித்துட்டு, வெயிலு சாயறப்ப வூட்டுக்கு வரும். வந்ததும் கால நீட்டிப் போட்டு 'யப்பாடா'ன்னு ஒரு சத்தம் வுடும் பாரு, தூரத்துல ரயிலு ஊதுற மாரி இருக்கும். உள்ளங்கால் பூரா வெடிப்பு. நான்தான் வௌக்கெண்ண தடவி வுடுவேன், தடவுறப்பவே ஒக்காந்தபடி தூங்கிடும். ஆனா பயம்னா இன்னான்னு தெரியாது அதுக்கு. கூடைய எறக்குன்னு சொன்ன டிக்கெட்டு பாக்குற ஆள, நீ மொதல்ல எறங்குய்யான்னு சொன்ன பொம்பள.

அம்மாவுக்கு ஒரு அண்ணன், எனக்கு மாமா. வாய் ஜாஸ்தி, மனசு தங்கம். எப்பவோ வெள்ளத்துக்குக் கொண்டாந்த படகு, அடி கிழிஞ்சு ஏதோ ஒரு ஆபீசு கொல்லையில வருசக்கணக்கா கெடந்துச்சாம். கோழி முட்டை வுட்டுக்கிட்டு இருந்துச்சாம் அதுல. அத எப்படியோ கெஞ்சிக் கேட்டு வாங்கி, மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டு எங்க வாசல்ல வந்து எறக்குனாரு.

'இந்தா மச்சான், மரமில்ல மரமில்லன்னு இனி ஒரு பேச்சு பேசாத. மாசி மகத்தன்னிக்குத் தண்ணியில எறக்குறோம். நீயும் நானும் போறோம்.'

தெருவே கூடி நின்னு அப்பா மூஞ்சப் பாத்துச்சு. அப்பா சிரிச்சாரு. 'அடி ரொம்பப் போயிருக்கே மச்சான், பாக்கலாம்'னாரு.

அதுலேருந்து எங்க வூட்ல ஒறக்கமும் போச்சு, ஒலையும் போச்சு. மொதல்ல ஒரு பெரியவரு வந்து, தண்ணியில ரெண்டு நாளு ஊறப் போடுய்யா, தானா ஊதி ஓட்ட மூடிக்கும்னாரு. மரப்படகுக்கு அப்பிடித்தான் செய்வாங்க, காஞ்ச பலக ஊறுனா சந்து அடைஞ்சுக்கும். அலுமினியம் ஊறுமாடி? ஊறுனா நம்ம வூட்டுச் சட்டியெல்லாம் இன்னேரம் அண்டாவா ஆயிருக்காதா? ஆனா அன்னிக்கு அத யாரும் கேக்கல. அப்பா ஒடனே சரின்னுட்டாரு. நாலு பேரு சேந்து ஆத்துல அமுக்குனாங்க. அப்பா கரையில நின்னு வழி சொன்னாரு. ரெண்டு நாளுன்னாங்க, அப்பா அஞ்சு நாளு கெடக்கட்டும்னாரு. எடுத்துப் பாத்தா உள்ள நண்டு குடியிருக்குது.

அப்பறம்தான் பாத்திரம் ஓட்ட அடைக்கிறவரு வந்தாரு. தோள்ல ஒரு பையி, அதுல சுத்தி, கத்திரி, தாரு. வாளிக்கு அடைக்கிற மாரிதான், ஓட்டைக்கு மேல தாரு தடவி, தகடு வெச்சு, சுத்திவர ஆணி அடிச்சுத் தட்டுறது. தகட்டுக்கு எங்க போறது? எங்கம்மா உள்ள போயி சோறு வடிக்கிற குண்டானக் கொண்டாந்து வெச்சுது. 'இத வெட்டிக்க.' மறுநாளு மூடி. அதுக்கு மறுநாளு கொழம்புச் சட்டி. அப்பறம் மண்சட்டியிலதான் சோறு.

ஓட்ட அடைஞ்சிச்சான்னு எப்பிடிப் பாக்குறது? ரெண்டு பனங்கட்டை மேல படகத் தூக்கி வெச்சு, உள்ள ஒரு சாண் ஒசரத்துக்குத் தண்ணி ஊத்தணும். அடியில சொட்டுற எடந்தான் ஓட்ட. அந்தத் தண்ணிய யாரு சொமந்தா? அம்மாதான். சிதம்பரத்துலேருந்து வந்த காலோட, கெணத்துக்கும் படகுக்கும் கொடங்கொடமா. எண்ணக்கூடத் தெம்பு இருக்காது அதுக்கு. நான் அடியில மல்லாக்கப் படுத்துக்குவேன், கையில சுண்ணாம்பு டப்பா. சொட்டு வுழற எடத்தச் சுத்தி வட்டம் போடணும். மூக்கு மேலயே சொட்டுமா, எனக்கு ஒரே குஷி.

இன்னிக்கு ரெண்டு வட்டம் போட்டா, நாளைக்கு அவுரு வந்து ரெண்டையும் அடைப்பாரு. சாயங்காலம் தண்ணி ஊத்துனா வேற எடத்துல மூணு சொட்டும். மாமா தலையில அடிச்சுக்குவாரு. அம்மா கொடத்தக் கீழ வெச்சிட்டு மணல்லயே சாஞ்சிடும். அப்பா, பழைய தகடு மச்சான், அப்பிடித்தான்னுவாரு. மறுபடி தகடு, மறுபடி தாரு, மறுபடி தண்ணி. எங்க நாலு பேருக்கும் கண்ணுக்குக் கீழ கருப்பு வுழுந்து போச்சு. படகு மட்டும் தகடுமேல தகடு வாங்கிக்கிட்டு, பிச்சக்காரன் சட்ட மாரி ஆயிக்கிட்டே போச்சு.

ஒரு நாளு விடியறப்ப, அம்மா ரயிலுக்குப் போன பின்ன, ஒண்ணுக்கு வந்துச்சுன்னு நான் வெளிய வந்தேன். அப்பா படகுக்குள்ள குந்திக்கிட்டு இருக்காரு. ஒரு கையில ஆணி, ஒரு கையில துணி சுத்துன கல்லு. சத்தமே இல்லாம தட்டுறாரு.

'இன்னாப்பா பண்ற?'ன்னேன்.

தூக்கிவாரிப் போட்டுச்சு அவுருக்கு. 'ஓட்ட எங்க இருக்குன்னு தேடுறேன்மா. நீ போயிப் படுத்துக்க'ன்னாரு. எங்கப்பா எவ்ளோ பாடுபடுறாரு பாரு, ஊரு தூங்குறப்பகூடத் தேடுறாருன்னு எனக்கு ஒரே பெரும. போயிப் படுத்துக்கிட்டேன்.

மாசி மகத்துக்கு ரெண்டு நாளு இருக்குது. ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி கடல்ல தீர்த்தமாட கிள்ளைக்குக் கெளம்பிடுச்சுன்னு பேச்சு. அன்னிக்குச் சாயங்காலம் படகு ஒரு சொட்டுகூட வுடல. மாமா குதிக்கிறாரு, தேங்கா பூவெல்லாம் வாங்கியாந்துட்டாரு. தெருப் பொம்பளைங்க படகுக்கு மஞ்சத் தடவி வுட்டாங்க. மறுநாளு சாயங்காலம், கடைசியா ஒருவாட்டி பாத்துடலாம்னு தண்ணி ஊத்துனா, நாலு எடத்துல ஒழுவுது!

ஓட்ட அடைக்கிறவரு அடியில படுத்து வெரலால தடவிப் பாத்தாரு. ரொம்ப நேரம் தடவுனாரு. வெளிய வந்து, 'இது உப்பு தின்ன ஓட்ட இல்லீங்க. ஓரமெல்லாம் வெளிப்பக்கமா பிதுங்கியிருக்கு. யாரோ உள்ளேருந்து ஆணி எறக்கியிருக்காங்க'ன்னாரு.

மாமாவுக்கு வந்துச்சு பாரு கோவம். கைலிய மடிச்சுக் கட்டி, துடுப்பக் கையில எடுத்துட்டாரு. 'எவன்னு எனக்குத் தெரியும்டா! வடக்குத் தெருக்காரந்தான். சட்டியில ஏறிக் கடலுக்குப் போறாங்கன்னு அன்னிக்குச் சிரிச்சான்ல? இன்னிக்கு அவன் மண்டையில போடுறேன் ஓட்டைய!'

வடக்குத் தெருக்காரரு பொண்ணுதான் என் கூட்டாளி. அவ வெளையாடுற கொட்டாங்குச்சி எல்லாம் என்கிட்டதான் இருக்குது. எனக்குப் பதறிப் போச்சு. ஓடிப்போயி மாமா கைலியப் புடிச்சிக்கிட்டேன்.

'அவுரு இல்ல மாமா! எங்கப்பாதான் ஆணி வெச்சித் தட்டுனாரு, நான் பாத்தேன்!'

அப்பா கையில இருந்த கயிறு கீழ வுழுந்துச்சு. மாமா மெதுவா அப்பா பக்கம் திரும்புனாரு. அவுரு வாயத் தொறக்கறதுக்குள்ள, கொடத்தத் தூக்கி எறிஞ்சிட்டு எங்கம்மா வந்துச்சு. வந்த வேகத்துல என் கன்னத்துல வுட்டுச்சு ஒண்ணு.

'பொய் சொல்லுதுண்ணே இது! நாந்தான் போட்டேன்.'

'நீயா?'

'நாந்தான். மூத்தாரக் கடலுக்குக் குடுத்தது போதாதா, இந்த மனுசனையும் குடுக்கணுமா? எனக்குப் பயம்ணே. கடலப் பாத்தாலே ஒதறுது எனக்கு.'

'பின்ன எதுக்குடி குண்டான வெட்டிக் குடுத்த? தண்ணி சொமந்த?'

'சொமக்காம இருந்தா அன்னிக்கே எம்மேல சந்தேகம் வந்திருக்குமே!'

ஓட்ட அடைக்கிறவரு யாரையும் பாக்காம சாமானெல்லாம் எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. மாமா துடுப்பக் கீழ போட்டாரு. 'கேட்டியா மச்சான், ஒம் பொண்டாட்டி பேச்ச? இவள வெச்சிக்கிட்டு நீ எங்க கடலுக்குப் போறது!'

அப்பா அம்மாவ ஒரு தடவ பாத்தாரு. அப்பறம் தலையக் குனிஞ்சிக்கிட்டுச் சொன்னாரு, 'அவ பயப்படுறான்னா நான் போவல மச்சான்.'

நான் மணல்ல பொரண்டு அழுவுறேன், அப்பாதான், நான் பாத்தேன், நான் பாத்தேன்னு. அம்மா என் வாயப் பொத்தி உள்ள தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. கையில ஒரே மீனு வாட.

படகக் கவுத்து ஆட்டுக்குக் கூரையாப் போட்டாச்சு. மழ பேஞ்சா அதுலயும் ஒழுவும், ஆடு எந்திரிச்சு எந்திரிச்சு எடம் மாத்திப் படுக்கும். மறுவாரத்துலேருந்து அப்பா கருவாட்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு அம்மாகூட ரயிலேறுனாரு. அப்பறம் சேத்தியாத்தோப்பு சந்த வரைக்கும் போனாரு. பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு ரெண்டு பேரு சிரிப்பாங்க, அதோட சரி. அம்மாவுக்குத்தான் பேரு வுழுந்துச்சு, பயந்தாங்கொள்ளின்னு. மாசி மகத்துக்குக் கடக்கரைக்குப் போனா பொம்பளைங்க தண்ணிய வாரி மேல அடிச்சு, ஓடுடி ஓடுடின்னு கிண்டல் பண்ணுவாங்க. அதும் சிரிச்சிக்கிட்டே ஓடும். சாவுற வரைக்கும் ஓடுச்சு.

அடி வாங்குன அன்னிக்கு ராத்திரி நான் மூலையில ஒக்காந்து தேம்பிக்கிட்டே இருந்தேன். நெசத்தச் சொன்னதுக்கு அடி, பொய் சொன்னதுக்கு யாரும் ஒண்ணும் கேக்கல. அம்மா மண்சட்டியிலேருந்து சோறு போட்டுச்சு. அப்பா தன் தட்டுல இருந்த மீன எடுத்து, ஒவ்வொரு முள்ளா பாத்துப் பாத்து உருவுனாரு. எனக்குத்தான் குடுக்கப் போறாருன்னு அழுவைய நிறுத்திட்டுப் பாக்குறேன். அத்தனையையும் எடுத்து அம்மா தட்டுல வெச்சாரு. அம்மாவும் எடுத்துத் தின்னுச்சு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்தரம்! பொறந்ததுலேருந்து மீனு திங்குற பொம்பள, மீனு விக்கிற பொம்பள, அதுக்குப் போயி முள்ளு எடுத்துக் குடுப்பாங்களா? சின்னப்புள்ள நான் இங்க ஒக்காந்திருக்கேன், பல்லுகூட இல்லாம...

இதோ வரேன் மாப்ள! கேட்டியா, கூப்புடுறாரு. தண்ணி ஊத்திட்டாராம், அடியில குந்தி எங்க ஒழுவுதுன்னு நான் பாத்துச் சொல்லணுமாம். கையக் குடு, எந்திரிக்கணும். முட்டி வேற புடிச்சிக்கிச்சு. நான் எங்க சொல்லப் போறேன்? எது கண்ணுல பட்டாலும் கண்ணு தெரியலன்னுருவேன்.